பழைய சுரங்கப் படத்தை யார், எப்போது எடுத்தார்? கண்டுபிடிக்க ஒரு செய்முறை

கலிபோர்னிய மாநிலம் 1860-இல் ஜோசையா விட்னி தலைமையில் புவியியல் அளவாய்வைத் தொடங்கியது. 1868-இல் அந்தக் குழு வெளியிட்ட யோசெமிட்டி பள்ளத்தாக்கு பற்றிய நூலில் புகைப்படக் கலைஞர் கார்ல்டன் வாட்கின்ஸ் எடுத்த 24 அசல் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. நார்த் புளூம்ஃபீல்டில் மலைச்சரிவை நீரைப் பீய்ச்சிக் கரைத்துத் தங்கம் எடுத்ததையும் அவர் படமாக்கினார். இந்த வகைப் படம் ஒன்று கிடைத்தால் அதை எப்படி அடையாளம் காண்பது என்று பார்ப்போம்.

படி 1: இறக்குவது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், கெட்டி அருங்காட்சியகம், காலிஸ்ஃபியர் (கலிபோர்னிய நூலகங்கள், காப்பகங்களின் படத் தொகுப்புத் தளம்) ஆகிய மூன்றின் இணையதளங்களிலும் ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். டிஃப் கோப்பு இருந்தால் அதையே எடுங்கள். ஜேபெக்கில் விளிம்பிலுள்ள பொடி எழுத்து கரைந்துபோகும்.

படி 2: பின்பக்கம். பின்புற ஸ்கேன் இருந்தால் கட்டாயம் இறக்குங்கள். அதில் வரி வில்லை ஒட்டியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவில் புகைப்படங்களுக்கு வரி இருந்தது 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் தொடக்கம் வரைதான். ஆனால் அது படம் ஒட்டிய அட்டை விற்ற காலம். படம் எடுத்தது அதற்கும் முன்னால் இருக்கலாம். வில்லை இல்லையென்றால் அட்டையின் மூலைகளைப் பாருங்கள். ஸ்டீரியோ அட்டைகளில் (முப்பரிமாணமாகத் தெரிய இரட்டைப் படம் ஒட்டியவை) கூர்மூலை பழையது, வளைந்த மூலை பெரும்பாலும் 1860-களின் இறுதிக்குப் பிறகு வந்தது.

படி 3: பெயரை நம்பாதீர்கள். எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. அட்டையில் இருப்பது பதிப்பாளர் பெயராக இருக்கலாம். லாரன்ஸ் அண்ட் ஹவுஸ்வொர்த் என்று அச்சிட்டிருந்தால் அவர்கள் வெளியிட்டு விற்றவர்கள். கேமரா பிடித்தவர் வேறு யாரோ. டேபர் என்ற புகைப்படக்காரரின் பெயர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1870-களின் நடுவில் வாட்கின்ஸ் கடனில் மூழ்கித் தன் காட்சியகத்தையும் நெகட்டிவ்களையும் இழந்தார். அவற்றை டேபர் தன் பெயரிலேயே அச்சிட்டு விற்றார். வாட்கின்ஸ் பழைய இடங்களுக்கே திரும்பப் போய் எடுத்தவைதான் 'புதிய வரிசை' என்ற பெயரில் வந்தன. அவருடைய ஸ்டுடியோவில் இருந்ததையும் 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத் தீ எரித்துவிட்டது. ஆக, ஒரே காட்சி, இரண்டு பெயர், இரண்டு காலம் என்று குழப்பம் வரும்.

தீர்வு எளிது. சந்தேகமான டேபர் படத்தையும் வாட்கின்ஸ் படத்தையும் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். மேலடுக்கைப் பாதி ஒளிபுகும்படி ஆக்குங்கள். (ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்டும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.) பாறைகள் ஒத்துப்போவது போதாது, அவை எப்போதும் அங்கேயேதான் இருக்கும். நிழல், ஆட்கள் நிற்கும் இடம், குழாயிலிருந்து தெறிக்கும் நீரின் உருவம் இவற்றைப் பாருங்கள். நீர் இருமுறை ஒரே மாதிரி விழாது. அதுவும் பொருந்தினால் இரண்டும் ஒரே நெகட்டிவ். ஒன்று, பெரிய கண்ணாடித் தகட்டில் எடுத்த படத்தை ஸ்டீரியோவோடு ஒப்பிடாதீர்கள். ஒரே இடத்தில் நின்று எடுத்தாலும் அவை தனித்தனி நெகட்டிவ்கள்.

படி 4: குறித்துவைப்பது. எடுத்தவர், அச்சிட்டவர், எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என நான்கு தனிக் கட்டங்கள். எக்செல் போதும்.

பின்சேர்க்கை: 'நெவாடா' என்று தேடினால் குப்பையாக வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நார்த் புளூம்ஃபீல்டு இருப்பது கலிபோர்னியாவின் நெவாடா மாவட்டத்தில். நெவாடா பக்கத்து மாநிலத்தின் பெயரும்கூட. தேடும்போது 'கவுண்டி' (மாவட்டம்) என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 1884-இல் நீதிபதி சாயர் சுரங்கக் கழிவை ஆறுகளில் கொட்டத் தடை விதித்தார். அதற்காக நீர்ப்பீச்சுப் படமென்றாலே 1884-க்கு முந்தியது என்று முடிவுகட்ட வேண்டாம். 1893-இல் வந்த காமினெட்டி சட்டம், கழிவைத் தடுத்து நிறுத்தினால் உரிமம் பெற்றுப் பீய்ச்சலாம் என்றது. படத்தில் கழிவுத் தடுப்பணை தெரிந்தால் இந்தப் பிற்காலத்தையும் கணக்கில் வையுங்கள்.