தென்னந்தோப்பின் ஓரத்தில் ட்ரோன் இணைப்பு: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளை ட்ரோன் கொண்டு படமெடுக்கத் தொடங்குவோர் பலரும் முதலில் கூடுதல் திறனுள்ள அலைபரப்பியைத் தேடுகிறார்கள். ஆனால், அலைபரப்பியின் திறனை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல் (அலையின் வலிமை கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) மட்டுமே. மரங்களுக்கிடையே ட்ரோனுக்கும் நம் கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவிக்குமான வானலை இணைப்பைக் காப்பவை நாம் நிற்கும் இடமும் ஆன்டெனாவின் உயரமும்தான்.

முதலில் தாளில் கணக்கிடுங்கள். திறன் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு; எண் கீழே போகப் போக அலை வலுவிழக்கும்) என்றும், இருபுறமும் ஆன்டெனாவின் பெருக்கம், அதாவது அலையைக் குவித்து வலுவாக்கும் அளவு, தலா 2 டெசிபல் என்றும் கொள்வோம். 1 கிலோமீட்டர் வெட்டவெளியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 100 டெசிபலையும், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை 108 டெசிபலையும் இழப்பதால், வந்து சேர்வது முறையே −76, −84 டிபிஎம்.

அடுத்து, இலைகளால் ஏற்படும் இழப்பைக் கழியுங்கள். இலைகளூடே அலை இழக்கும் வலிமையைக் கணிக்கும் வெய்ஸ்பெர்கர் சூத்திரத்தின்படி, 30 மீட்டர் அடர்ந்த இலைத்தொகுதி 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 13 டெசிபலையும் 5.8 கிகாஹெர்ட்ஸில் 16 டெசிபலையும் விழுங்குகிறது. உங்கள் அலைவாங்கிக்கு −95 டிபிஎம் வரை கேட்குமானால், முதலாவது −89இல் தப்பிக்கும், இரண்டாவது −100இல் அறுந்துவிடும். நனைந்த இலைகள் இன்னும் அதிகமாக விழுங்கும் என்பதால், தொடக்கநிலையினர் 2.4ஐத் தேர்வதே நல்லது.

இனி நிற்குமிடம், இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தரையிலிருந்து 2 மீட்டரில் ஆன்டெனாவும், 1 கிலோமீட்டர் தொலைவில் 120 மீட்டர் உயரத்தில் ட்ரோனும், இடையே 20 மீட்டர் உயரத் தென்னைகளும் இருந்தால், பார்வைக்கோடு மரமுனைகளைத் தாண்டுவதோடு, அதைச் சுற்றியுள்ள ஃபிரெனல் மண்டலத்தின் (பார்வைக்கோட்டைச் சூழ்ந்து அலை பரவிச் செல்லும் நீள்வட்ட வடிவப் பகுதியின்) ஆரத்தில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க, நீங்கள் முதல் மரத்திலிருந்து சுமார் 175 மீட்டர் விலகி நிற்க வேண்டும். அதே ஆன்டெனாவை 10 மீட்டர் கம்பத்தில் ஏற்றினால் 110 மீட்டரே போதும். இந்தியாவில் பச்சை மண்டலத்திலும் (ட்ரோன் பறக்க முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதி) 400 அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 120 மீட்டருக்கு மேல், முன் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது என்பதால், கம்பத்தை உயர்த்துவதே நம் கையில் உள்ள வழி.

குச்சி ஆன்டெனாவின் நுனியை ட்ரோனை நோக்கித் திருப்பாதீர்கள். அதன் பக்கவாட்டில்தான் அலை வலுவாகப் பரவும்.

கடைசியாக, இணைப்பு அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பும் உயரத்தை மிக உயர்ந்த மரத்துக்கும் மேலாக அமைத்துவிட்டு, தோப்பின் ஓரமாகப் பறந்து சமிக்ஞை அளவைக் கவனியுங்கள். அது −85 டிபிஎம்மைத் தொட்டால் மேலும் முன்னே செல்லாமல், அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குள் ட்ரோனை முதலில் மேலே எழுப்பி, அளவு தேறிய பிறகே திருப்புங்கள்.