பெயர் போடாத நாலு வரி: சிங்கப்பூரில் இறந்த கொள்ளுத்தாத்தாவைத் தேடிய வழி

எங்கள் வீட்டில் ஐப்பசித் தேய்பிறை சப்தமியில் கொள்ளுத்தாத்தாவுக்குத் திதி கொடுப்போம். சிங்கப்பூருக்குப் போனவர், திரும்பி வரவில்லை. எப்படி இறந்தார் என்று கேட்டால், அத்தைப்பாட்டி ‘கடல் கொண்டுபோச்சு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். கப்பல் ஏதோ மூழ்கியிருக்கிறது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் என்ன நடந்தது என்று பழைய செய்தித்தாளிலும் மரண விசாரணைக் கோப்பிலும் தேடிக் கண்டுபிடித்தேன். உங்கள் குடும்பத்திலும் அப்படிப் போனவர் இருந்தால் இந்த வழி உதவும்.

முதலில் தேதி. ஆங்கிலத் தேதி யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் தமிழ் வருடப் பெயரும் திதியும் இருக்கும், அதை விடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்தது ‘சுக்கில வருஷம்’. அது 1929 ஏப்ரலில் தொடங்கி 1930 ஏப்ரலில் முடிகிறது. ஐப்பசித் தேய்பிறை என்றால் அக்டோபர் பிற்பாதி. அறுபது வருடச் சுற்று என்பதால் ஒரே பெயர் இரண்டு முறை வரும். எந்தச் சுற்று என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்து முடிவுசெய்யுங்கள்.

அடுத்து செய்தித்தாள். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில் பழைய இதழ்களில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். 1845-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ அதில் இருக்கிறது. ‘சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்’, 1914-இல் வந்த ‘மலாயா ட்ரிபியூன்’ ஆகியவையும் இருக்கின்றன. ‘தமிழ் முரசு’ 1935-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரிகைகளைத்தான் நம்பவேண்டும்.

நான் முதலில் செய்த தவறு, பெயரைப் போட்டுத் தேடியது. இரண்டு மாதம் வீணாகப் போயிற்று. தமிழ்ப் பெயரை ஆங்கில நிருபர் காதில் விழுந்தபடி எழுதுவார். ராமசாமி என்பதன் கடைசியில் ஐ வரும், ஒய் வரும், நடுவில் ஒரு டபிள்யூ நுழையும். பக்கத்தைக் கணினி படிக்கும்போது இன்னும் இரண்டு எழுத்து கெடும். இதைவிடப் பெரிய சிக்கல், கூலி வேலை செய்தவருக்குப் பெரும்பாலும் பெயரே போடமாட்டார்கள். ‘ஒரு தமிழ்க் கூலி’ என்பதோடு சரி. அதற்கும் முந்தைய இதழ்களில் நம்மவர்களை ‘கிளிங்’ என்று எழுதியிருப்பார்கள். கண்ணில் பட்டால் வலிக்கும் சொல்தான், ஆனாலும் அதைப் போட்டும் தேடித்தான் ஆகவேண்டும்.

ஆகவே ஆளைத் தேடாமல் சம்பவத்தைத் தேடுங்கள். ‘நீரில் மூழ்கி’, ‘கரோனர்’ (மரண விசாரணை அதிகாரி), ‘தமிழ்’ என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் போட்டு, தேதியை மூன்று மாதத்துக்குச் சுருக்குங்கள். வீட்டில் சொல்லும் கதையிலும் துப்பு இருக்கும். டிராமில் அடிபட்டார் என்றால், மின்சார டிராம் அங்கே 1905 முதல் 1927 வரைதான் ஓடியது. துறைமுக வேலை என்றால், 1913-க்குப் பிறகு ‘ஹார்பர் போர்டு’ என்று தேடவேண்டும். 1905-க்கு முன் அது ‘தஞ்சோங் பகார் டாக் கம்பெனி’. ஜப்பானியர் ஆண்ட 1942–45 காலத்துக்கு மட்டும் இந்த வழி அவ்வளவாகக் கைகொடுக்காது.

அக்டோபர் கடைசி வாரத்தில் எனக்கு எதுவும் அகப்படவில்லை. அப்புறம்தான் உறைத்தது: இறந்த நாள் தெரியாத வீடுகளில் சேதி வந்த நாளையே திதியாக வைத்துக்கொள்வது உண்டு. கடிதம் கப்பலில் வந்திருக்கும். சில வாரம் பின்னோக்கிப் போனேன். அக்டோபர் முதல் வார இதழில் நாலு வரி இருந்தது: தமிழ்க் கூலி, தோங்காங் என்ற சரக்குப் படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகையில் சறுக்கி ஆற்றில் விழுந்து மரணம். பெயர் இல்லை. கடலும் இல்லை, ஆறு!

அந்த நாலு வரியோடு நின்றுவிடாதீர்கள். விசாரணை ஒரு நாளில் தொடங்கித் தள்ளிப்போகும், தீர்ப்பு சில வாரம் கழித்து வரும். அதே சேதியை மற்ற பத்திரிகைகளிலும் பாருங்கள். ஒன்று இடத்தைச் சொல்லும், இன்னொன்று பெயரைச் சொல்லும். எனக்குப் பெயர் வேறொரு பத்திரிகையில்தான் கிடைத்தது, அதுவும் பாதி சிதைந்து.

பெயரும் தேதியும் கையில் இருந்தால் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். கரோனர் விசாரணைப் பதிவுகள் அங்கே இருக்கின்றன. எல்லா ஆண்டுகளுக்கும் முழுமையாக இல்லை. எந்த ஆண்டு, எந்த மாதம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். இறந்தவரின் வயது, இடம், நேரம், மருத்துவர் குறிப்பு, சாட்சிகளின் வாக்குமூலம் என்று செய்தித்தாள் விட்டதெல்லாம் அதில் இருக்கும்.

வாக்குமூலத்தை நிதானமாகப் படியுங்கள். சாட்சி தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, எழுத்தர் சுருக்கி எழுதியது அது. ஊர்ப் பெயர் உருத்தெரியாமல் இருந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பெயரை அப்படித்தான் பிடித்தேன். ‘மிஸ்அட்வென்ச்சர்’ என்ற முடிவுக்குத் தற்செயலாக நேர்ந்த மரணம் என்று பொருள். ‘ஓப்பன் வெர்டிக்ட்’ என்றால் எப்படி நேர்ந்தது என்று முடிவுசெய்யச் சான்று போதவில்லை என்று பொருள், அதற்குமேல் நீங்களாக எதையும் ஏற்றிப் படிக்காதீர்கள். தற்கொலை என்று இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுமுன் நீங்கள் ஒரு நாள் அதோடு இருந்து பாருங்கள்.

எங்கள் கோப்பில் ஒரே ஒரு தமிழ்ச் சாட்சி. அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், ஒரே அறையில் தங்கியவர். பலகையில் ஏறுமுன் தாத்தா வெற்றிலைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீரில் குதித்துத் தேடியவரும் இவர்தான், உடலை அடையாளம் காட்டியவரும் இவர்தான். அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியபோது அத்தைப்பாட்டி கேட்டது ஒன்றுதான்: ‘அந்தப் பிள்ளை ஊருக்குத் திரும்பி வந்துச்சா?’

அவர் பெயரையும் வயதையும் தனியாகக் குறித்துவைத்திருக்கிறேன். இப்போது அவர் வீட்டாரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.