ஒழுகுற இடத்துல பூசாதீங்க: சொந்த வீட்டு ரிப்பேர்ல நாம பண்ற தப்புங்க

எங்க வீடு 1997ல அப்பா கட்டினது, தாம்பரம் பக்கம், மேல மொட்டை மாடி. 2015 டிசம்பர் மழைல ஹால் சீலிங்ல ஒரு சாப்பாட்டு தட்டு அளவுக்கு ஈரம் தெரிஞ்சுது, கொத்தனார கூப்ட்டோம், அவரு ஈரம் இருந்த இடத்த உள்ள இருந்தே கொத்தி எடுத்து சிமெண்ட்ல ஏதோ கெமிக்கல் கலந்து பூசி, மேல பட்டி பாத்து பெயிண்டும் அடிச்சு குடுத்துட்டு போனாரு, பாக்க சுத்தமா இருந்துச்சு. அடுத்த வருஷம் வர்தா புயல் அடிச்ச அன்னிக்கு அதே ஈரம் நாலடி தள்ளி ஃபேன் கொக்கி பக்கத்துல சொட்டுச்சு. அதுக்கப்புறம் தான் மாடிக்கு போய் நிதானமா பாத்தோம், கைப்பிடி சுவரும் தளமும் சேர்ற மூலைல ஒரு மயிரிழை விரிசல், அது எங்க இருந்துச்சுன்னா ஹாலுக்கு மேல இல்ல, பக்கத்து ரூமுக்கு மேல.

சொந்த வீடு வெச்சிருக்கற எல்லாரும் புரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இது தாங்க. தண்ணி இறங்குற இடம் வேற, அது சொட்டுற இடம் வேற. மாடில ஓட்டுக்கு கீழ இறங்கின தண்ணி காங்கிரீட் மேலயே ஊர்ந்து போய் எங்க ஓட்டை கிடைக்குதோ, பெரும்பாலும் ஃபேன் பெட்டி இல்லன்னா லைட் பாயிண்ட், அங்க இறங்கும். உள்ள பூசுனா அந்த ஒரு வழி அடைபடும், தண்ணி வேற வழி தேடிக்கும், நடுவுல உள்ள இருக்கற கம்பி ஊறிக்கிட்டே இருக்கும்.

நம்ம ஊரு மாடியோட அமைப்பு தெரிஞ்சா பாதி தப்ப தவிர்க்கலாம். காங்கிரீட் தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, அதுக்கு மேல தட்டோடு, அதாவது தட்டையான மாடி ஓடு, பதிச்சு ஜாயிண்ட் பூசியிருப்பாங்க, இது வெயில் சூட்டையும் தாங்கும் தண்ணியையும் வடிச்சு விடும். இதுல உயிர்நாடி வாட்டம் தான், 10 அடிக்கு ஒன்னேகால் இஞ்சாவது மழைத்தண்ணி பைப்ப பாத்து சரிஞ்சிருக்கணும். மழை நின்னு ஒரு மணி நேரம் கழிச்சு மேல போய் பாருங்க, எங்கயாவது தண்ணி தேங்கி நின்னா அந்த இடத்துல வாட்டம் போயிடுச்சுன்னு அர்த்தம், அங்க எவ்ளோ விலை குடுத்து கோட்டிங் அடிச்சாலும் ரெண்டு மூணு வருஷத்துல உரிஞ்சு வரும். முதல்ல வாட்டத்த சரி பண்ணனும், கோட்டிங் அதுக்கப்புறம்.

இன்னொரு குழப்பம் வெள்ளை பெயிண்ட். வெயில் சூட்ட குறைக்க அடிக்கிற வெள்ளை கூலிங் பெயிண்டும் தண்ணி இறங்காம தடுக்கற வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கும் ஒன்னு இல்ல. ரெண்டு வேலையும் செய்யற பொருளும் இருக்கு, சூட்டுக்கு மட்டும் உள்ளதும் இருக்கு, டப்பால என்ன போட்டிருக்குன்னு வாங்கறதுக்கு முன்னாடி படிங்க. அப்புறம் எதுவா இருந்தாலும் காய்ஞ்ச தளத்துல தான் அடிக்கணும். புரட்டாசி முடியறப்போ தான் நிறைய பேருக்கு மாடி ஞாபகம் வருது, அப்ப ஆளுங்களும் கிடைக்க மாட்டாங்க, தளமும் ஈரமா இருக்கும், அவசரத்துல அடிச்சா கொப்புளம் கொப்புளமா எழும்பும். பங்குனி சித்திரைல மாடி வேலைய வெச்சுக்கோங்க. முடிஞ்சதும் மழைத்தண்ணி பைப் வாய அடைச்சு ரெண்டு இஞ்சுக்கு தண்ணி கட்டி ரெண்டு நாள் விட்டு கீழ பாருங்க, அந்த டெஸ்ட் முடிஞ்சப்புறம் மிச்ச காச குடுங்க.

டிஷ் ஆன்டெனா, சோலார் ஹீட்டர், துணி காய வைக்கிற கம்பம் இதுக்கெல்லாம் தளத்துல ட்ரில் போட விடாதீங்க. ஒவ்வொரு போல்ட் துளையும் தட்டோட்டைத் தாண்டி காங்கிரீட் வரைக்கும் போகுது. ஒரு சின்ன சிமெண்ட் பீடம் கட்டி அது மேல நிறுத்தலாம், இல்லன்னா கைப்பிடி சுவர்ல மாட்டலாம்.

கைப்பிடி சுவர்லயும் சன்ஷேடு ஓரத்துலயும் குருவி எச்சத்துல முளைக்கிற அரசங்கன்னு, அதையும் சொல்லியே ஆகணும். நிறைய பேர் வருஷா வருஷம் மேல தெரியறத மட்டும் ஒடிச்சு விடறாங்க, ஒடிக்க ஒடிக்க வேர் பருத்து செங்கல பிளந்துக்கிட்டு உள்ள போகுது. ரெண்டு இலை விட்டப்பவே வேரோட பிடுங்கணும், பருத்துப் போயிருந்தா அந்த இடத்த கொத்தி வேர முழுசா எடுத்துட்டு திரும்ப பூசணும். பூஜை பண்ற மரம்னு தயங்கறவங்க உண்டு, அத எடுத்து மண்ணுல நட்டு வைங்க, நல்லா வளரும்.

சீலிங்ல பூச்சு உப்பி கம்பி தெரியுதுன்னா அது அவசர கேஸ். கம்பி துரு பிடிச்சா அந்த துருவுக்கு பழைய இரும்ப விட ரெண்டு மூணு மடங்கு, சில சமயம் அதுக்கும் மேல இடம் வேணும், அந்த அழுத்தத்துல தான் காங்கிரீட் வெடிச்சு விழுது. துரு மேலயே சிமெண்ட் அப்பி மூடிட்டா உள்ள துரு நிக்காது, அடுத்த தடவை பெரிய துண்டா, கீழ யாராவது படுத்திருக்கறப்போ விழும். லூசா இருக்கற எல்லாத்தையும் தட்டி எடுக்கணும், கம்பிக்கு பின்பக்கம் வரைக்கும் கொத்தணும், கம்பி பிரஷ் போட்டு துருவ சுரண்டணும், துரு தடுக்கற ப்ரைமர் அடிக்கணும், அப்புறம் தான் பாலிமர் கலந்த கலவைல பூசணும். கம்பி தேஞ்சு மெலிஞ்சு போயிருந்தா கொத்தனார் வேலையோட நிக்காம ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டுங்க, அந்த ஃபீஸ் வீண் செலவே இல்ல.

சுவர்ல ஓதம் ஏறி உப்பு பூக்கறதும் இதே கதை தான், நாம சுரண்டிட்டு பட்டி பாத்து பெயிண்ட் அடிக்கிறோம், ஆறு மாசத்துல திரும்ப பொரிஞ்சு உதிருது. ஈரம் எங்கிருந்து வருதுன்னு முதல்ல பிரிச்சு பாருங்க. மழைக்கு மட்டும் வந்து கோடைல காய்ஞ்சா வெளிச்சுவர்லயோ மாடிலயோ விரிசல். சித்திரை வெயில்லயும் ஈரமாவே இருந்தா பைப் லைன் இல்லன்னா பாத்ரூம். தரைல இருந்து ரெண்டு மூணு அடி வரைக்கும் வீடு முழுக்க ஒரே மட்டத்துல இருந்தா மண்ணுல இருந்து உறிஞ்சுது. பைப் சந்தேகம் இருந்தா ராத்திரி மோட்டார் போட்டு டேங்க் நிரப்பி எல்லா குழாயையும் மூடிட்டு தண்ணி மட்டத்துல ஒரு கோடு போட்டு வைங்க, காலைல யாரும் தண்ணி தொடறதுக்கு முன்னாடி பாருங்க, மட்டம் இறங்கியிருந்தா எங்கயோ ஒழுகுது, செலவு பத்து பைசா இல்ல. ரூம்ல காத்தோட்டம் இல்லாம வர்ற ஈரமான்னு தெரிய ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல ரெண்டு நாள் ஒட்டி வைங்க, ஷீட்டுக்கு பின்னாடி வேர்த்திருந்தா ஈரம் சுவருக்குள்ள இருந்து வருது, முன்னாடி வேர்த்திருந்தா ரூம் காத்துல இருந்து.

பாத்ரூம்ல பெரிய தப்பு ஆசிட். டைல்ஸ் பளிச்சுனு ஆகணும்னு மாசா மாசம் ஆசிட் ஊத்தி தேய்க்கறோம், டைல்ஸுக்கு பெருசா ஒன்னும் ஆகாது, ஆனா நடுவுல இருக்கற வெள்ளை சிமெண்ட் ஜாயிண்ட கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுடும், அது வழியா தண்ணி இறங்கி கீழ் வீட்டு சீலிங்ல வந்து நிக்கும். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேந்தா குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூம்ல அது ஆள மயங்க வெச்சுடும், தயவு செஞ்சு ரெண்டையும் ஒரே நாள்ல கூட யூஸ் பண்ணாதீங்க.

கரண்ட் விஷயத்துல தான் எனக்கு ரொம்ப பயம். எம்சிபி, அதாவது லோடு கூடுனா தானா விழுந்து கரண்ட துண்டிக்கற சுவிட்ச், அடிக்கடி விழுதுன்னு 16 ஆம்ப் இருந்த இடத்துல 32 ஆம்ப் மாட்டி விடறத பல வீட்டுல பாத்திருக்கேன். எம்சிபி காப்பாத்தறது சுவருக்குள்ள ஓடுற வயர. 2.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல ஏசியும் கீசரும் சேத்து ஓட்டுனா வயர் சூடாகும், 16 ஆம்ப் எம்சிபி விழுந்து அத நிறுத்தும், 32 ஆம்ப்ல அது விழாது, வயர் மேல இருக்கற இன்சுலேஷன் உருக ஆரம்பிக்கலாம். ஏசிக்கு தனி லைன் இழுக்கறது தான் வழி, ஒன்றரை டன்னுக்கு வழக்கமா 4 ஸ்கொயர் எம்எம் வயர் போடுவாங்க.

இத விட மோசம் ஆர்சிசிபிய, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து துண்டிக்கற சுவிட்ச, பைபாஸ் பண்றது. மழைக்காலத்துல அது விழுந்துக்கிட்டே இருந்தா "பழசாயிடுச்சு சார், டைரக்டா குடுத்துடறேன்"னு சொல்ற எலக்ட்ரீஷியன் இருக்காங்க, ஒத்துக்காதீங்க. அது விழுதுன்னா கரண்ட் எங்கயோ பூமிக்கு கசியுதுன்னு அர்த்தம், வெளி லைட்டுக்குள்ள தண்ணி போயிருக்கும், இல்லன்னா மோட்டார் வயர் உரிஞ்சிருக்கும். வீட்டுக்கு போடறது 30 மில்லி ஆம்ப் கசிவுக்குள்ள விழற மாதிரி இருக்கும், ஆள் மேல கரண்ட் பாயறப்போ உயிர காப்பாத்தறது அது ஒன்னு தான். எல்லா எம்சிபியையும் இறக்கிட்டு ஒவ்வொன்னா ஏத்தி பாருங்க, எத ஏத்தும்போது விழுதோ பெரும்பாலும் அந்த லைன்ல தான் கோளாறு. அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், மாசத்துக்கு ஒரு தடவை அமுக்கணும், அமுக்கியும் விழலன்னா அன்னிக்கே மாத்துங்க.

கீசர்ல வர்ற சேஃப்டி வால்வும் அப்படித்தான். 25 லிட்டர் தண்ணி 25 டிகிரில இருந்து 75 டிகிரிக்கு சூடாச்சுன்னா ஏறக்குறைய அரை லிட்டர் கூடுதலா இடம் கேக்கும், உள்ள வர்ற பக்கம் தண்ணி திரும்பாத மாதிரி வால்வு இருந்தா அந்த அழுத்தம் எங்க போகும், சேஃப்டி வால்வு வழியா சொட்டா வெளிய வரும். ஒழுகுதேன்னு அதுக்கு மூடி போட்டு அடைச்சா கீசர் வெடிக்கற அளவுக்கு போகலாம். சூடாகுறப்போ மட்டும் சொட்டுனா ஒரு சின்ன டியூப் மாட்டி தரைக்கு விடுங்க, எப்பவும் ஒழுகிட்டே இருந்தா வால்வ மாத்துங்க.

செப்டிக் டேங்க் நிரம்புனா எக்காரணம் கொண்டும் ஒரு மனுஷன உள்ள இறக்காதீங்க. "பழக்கம் தான் சார், அஞ்சு நிமிஷ வேலை"ன்னு அவரே சொன்னாலும் வேண்டாம். உள்ள ஆக்சிஜன் இருக்காது, ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அது அதிகமா இருந்தா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, இறங்கினவர் மயங்குவாரு, தூக்கப் போறவரும் விழுவாரு. மனுஷக் கழிவ மனுஷனே அள்ளறத தடை பண்ற 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாம ஆள இறக்கறது குற்றம், வீட்டுக்காரங்களுக்கும் அது பொருந்தும். கழிவுநீர் லாரிய கூப்பிட்டு மெஷின்ல உறிஞ்சி எடுக்க சொல்லுங்க, லேட் ஆனாலும் பரவால்ல. ரொம்ப நாளா மூடி கிடந்த சம்ப்பும் இதே மாதிரி ஆபத்து தான்.

கதவு மழைல ஊறி இறுகுதுன்னு உடனே ஆசாரிய கூப்பிட்டு இழைக்க சொல்றதும் வேண்டாம், தை மாசி வரைக்கும் பொறுங்க, காய்ஞ்சு தானா சுருங்கும், இப்ப இழைச்சா கோடைல ஒரு விரல் நுழையற சந்து தெரியும். காய்ஞ்சப்புறமும் இடிச்சா அப்ப இழைக்கலாம், இழைச்ச ஓரத்துக்கு பெயிண்ட் அடிக்க மறக்க வேண்டாம்.

எந்த வேலை நடந்தாலும் சுவர மூடி பூசறதுக்கு முன்னாடி பைப்பும் வயரும் எந்த வழியா போகுதுன்னு, பக்கத்துல டேப் வெச்சு அளவு தெரியற மாதிரி, போன்ல போட்டோ எடுத்து வீட்டுல இருக்கற எல்லாருக்கும் அனுப்பி வைங்க. எங்க வீட்டுல அப்பா எடுக்கல, போன வருஷம் ஒரு கண்ணாடி அலமாரி மாட்ட ஆணி அடிச்சப்போ பைப் உடைஞ்சு பாத்ரூம் சுவரையே பேக்க வேண்டியதாச்சு, அந்த சுவர மூடறதுக்கு முன்னாடி நான் எடுத்த போட்டோ இப்ப தம்பி போன்லயும் இருக்கு.