அல்சேஷனைக் கேட்டில் கட்டிப்போடுகிறவர்களுக்கு

அல்சேஷன் வளர்க்க ஆசைப்படுகிற பலரும் குட்டி வருவதற்கு முன்னாலேயே சங்கிலியை வாங்கி வைத்துவிடுகிறார்கள், கூடவே ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையும். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரே ஒரு நாய்தான், பலகையில் மட்டும் பன்மை.

முதல் தவறே இதுதான். நாம் அல்சேஷன் என்று சொல்கிற நாயின் சரியான பெயர் ஜெர்மன் ஷெப்பர்ட், ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்ப்பவர். (முதல் உலகப் போர் சமயத்தில் ஜெர்மனி என்றாலே பிரிட்டனில் எரிச்சலாக இருந்ததால் அங்கே வைத்த பெயர்தான் அல்சேஷன். 1977-ல் அவர்களே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள், நாம்தான் இன்னும் விடவில்லை.) 1899-ல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி கார்ல்ஸ்ரூஹே நகரத்து நாய்க் கண்காட்சியில் ஒரு மேய்ச்சல் நாயைப் பார்த்து மயங்கி, விலைக்கு வாங்கி, ஹோராண்ட் என்று பெயர் வைத்து, இனத்தின் பதிவேட்டில் முதல் நாயாக எழுதினார். இந்த நாய்களுக்கு என்ன வேலை என்றால், வேலியில்லாத வயல்களுக்கு நடுவே மந்தை மேயும்போது வரப்போரமாக நாள் முழுக்க முன்னும் பின்னும் ஓடி, ஒரு ஆடும் பயிரில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்வது. நடமாடும் வேலி. நம்மூரில் ஆடு மேய்க்கிற கீதாரி யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரிந்துவிடும். ஆடு வளர்ப்பு குறைந்த பிறகுதான் போலீஸ், ராணுவம் பக்கமெல்லாம் இதைக் கொண்டுபோனார்கள்.

அப்படி ஓடியே பழகிய பரம்பரையை ஆறடிச் சங்கிலியில் கட்டினால் என்ன ஆகும்? வட்டம் அடிக்கும், வாலைத் துரத்தும், காலைப் புண்ணாகும்வரை நக்கும், பால்காரர் முதல் கூரியர் பையன்வரை எல்லாரையும் பார்த்துத் தொண்டை கட்டும்வரை குரைக்கும். நாமோ ‘நல்லா காவல் காக்குது’ என்று பூரித்துப்போவோம். காலையும் மாலையுமாகச் சேர்த்து ஒரு மணி நேரமாவது நடை, ஓட்டம் வேண்டும், அதைவிட முக்கியம் மூளைக்கு வேலை. துணியை ஒளித்து வைத்துத் தேடச் சொல்வது, சோற்றுத் தட்டு முன்னால் காத்திருக்கச் சொல்வது, இதுவே போதும். ஓடுகிற பிள்ளைகளின் குதிகாலை லேசாகக் கவ்வப் பார்த்தால் பெரும்பாலும் அது வெறி இல்லை, மந்தையைச் சேர்க்கிற பழக்கம். அடிக்காமல் கூப்பிட்டுப் பந்தைக் கொடுங்கள். அதற்காகச் சின்னப் பிள்ளைகளோடு தனியாகவும் விடாதீர்கள்.

‘வெளியாள் யாரையும் தொட விடாதீங்க, அப்பத்தான் கோபம் வரும்’ என்று ஒரு யோசனை எல்லாத் தெருவிலும் இலவசமாகக் கிடைக்கும். தயவுசெய்து கேட்காதீர்கள். மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு வாரம்வரை குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதற்கெல்லாம் பிறகு பயப்படாது. அந்த வயதில் அறைக்குள் அடைத்து வளர்த்தால் வளர்ந்தபின் கடிப்பது வீரத்தால் இல்லை, பயத்தால். தடுப்பூசி முடியும்வரை தெரு மண்ணில் இறக்க வேண்டாம், பார்வோ என்கிற வைரஸ் நோய் பொல்லாதது. தூக்கிக்கொண்டு போய்ப் பேருந்தையும் குடையையும் தாடிக்காரர்களையும் காட்டலாம்.

அடுத்தது காது. நான்கு மாதமாகியும் எங்கள் குட்டிக்கு ஒரு காது நிமிரவில்லை, கடையில் கேட்டு ஒரு கால்சியம் சிரப் வாங்கி ஊற்ற ஆரம்பித்தேன். கால்நடை மருத்துவர் நன்றாகத் திட்டினார். பல் விழுந்து முளைக்கிற நான்கு முதல் ஆறு மாதத்தில் நிமிர்ந்த காதுகூடத் திரும்பத் தொங்கும், அது பாட்டுக்கு எழும். பெரிய இனக் குட்டிகளின் உடம்புக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, அது எலும்பு வளர்ச்சியையே கெடுத்துவிடும் என்றார். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம் கொடுத்தால் தனியாகச் சிரப்பே தேவையில்லை. வெறும் பால்சோறு போடுவதும் தவறு, கொழுகொழுவென்று வளர்ப்பதும் தவறு. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது, எடை ஏற ஏற அது மோசமாகும். வாங்கும்போதே தாய் தகப்பனுடைய இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள், பின்னங்கால் சரிந்து தவளை மாதிரி நிற்பதை அழகு என்று விற்பவரிடமிருந்து நழுவிவிடுங்கள். வீட்டில் வழுக்குகிற டைல்ஸ் என்றால் குட்டி நடமாடுகிற இடத்தில் பாய் விரியுங்கள்.

வெயிலுக்கு மொட்டை அடிக்காதீர்கள். இரண்டு அடுக்கு முடி, மேல் முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கும், வழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். சீவிவிட்டால் போதும், தினமும் ஒரு தலையணைக்கு ஆகிற அளவு முடி வரும், பழகிக்கொள்ளுங்கள். நடை வெயில் ஏறுமுன், அல்லது தார் ரோடு ஆறியபின்.

உண்ணியைச் சாதாரணமாக நினைப்பது பெரிய தவறு. உண்ணிக் காய்ச்சல் மற்ற நாய்களைவிட இந்த இனத்தைக் கடுமையாகத் தாக்கும். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ஆடுமாடுகளுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியை நீங்களாகப் போட்டுவிடாதீர்கள், மேய்ச்சல் இனங்களில் சில நாய்களுக்கு அந்த மருந்து மூளைக்குள் ஏறிவிடுகிற மரபணுக் குறை உண்டு, அது ஜெர்மன் ஷெப்பர்டிலும் இருக்கிறது.

கடைசியாக வயிறு. ஒரே வேளையில் தட்டு நிறையப் போட்டு, உடனே ஓட விடாதீர்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முக்கும், எதுவும் வராது, வயிறு பறை மாதிரி விறைக்கும். மறுநாள் காலைவரை தாங்காது, உடனே அறுவை சிகிச்சை வேண்டும். உங்கள் ஊரில் இரவிலும் பார்க்கிற கால்நடை மருத்துவர் யார் என்று நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து நம்பரைப் போனில் ஏற்றி வையுங்கள்.