சேலம் எம்.பி. யார்? தேர்தல் வரலாறு தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஞாயிறு காலை இரண்டு கல்லூரி மாணவர்கள் ஒரு நீளமான நோட்டோடு சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தார்கள். 1952 முதல் 2024 வரை சேலத்திலிருந்து மக்களவைக்குப் போன எல்லோரையும் ஒரே அட்டவணையில் எழுதியிருந்தார்கள். எஸ்.வி. ராமசாமியில் தொடங்கி டி.எம். செல்வகணபதி வரைக்கும் வந்திருந்தது. நல்ல உழைப்பு. ஆனால் அட்டவணைக்கு மேலே "சேலம், ஏற்காடு மக்களின் நாடாளுமன்றப் பிரதிநிதிகள்" என்று தலைப்புப் போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு, தலைப்பு உட்பட.

அதனால் எழுதிவைக்கிறேன். ஆண்டு மாறிப் போவது, இனிஷியல் விட்டுப்போவது போன்றவை இரண்டாவது முறை படித்தாலே கண்ணில் படும், அவற்றை விட்டுவிடுகிறேன். எத்தனை முறை படித்தாலும் சரியாகவே தெரிகிற தவறுகள்தான் ஆபத்து.

பெயர் ஒன்று, நிலம் வேறு

2014 தேர்தல் முடிந்த கையோடு, ஏற்காட்டில் ஒரு கண்காட்சிக்காக எம்.பி.க்களின் பட்டியலை வண்ணத் தாளில் அச்சடித்துக் கொண்டு போனேன். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி அச்சுக்கே போனது. 2009-க்கு நேராக எஸ். செம்மலை, 2014-க்கு நேராக வி. பன்னீர்செல்வம் என்று போட்டிருந்தேன். (பலர் இவரை ஓ. பன்னீர்செல்வம் என்று நினைத்துவிடுகிறார்கள், அவர் வேறு, இவர் வேறு.) சேலம் தொகுதிக்கு அது சரியான தகவல்தான்.

காப்பித் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நாங்க ரெண்டு தடவையா கள்ளக்குறிச்சிக்குல்ல ஓட்டுப் போடுறோம், இதுல சேலத்து ஆளுங்க பேரு போட்டிருக்கீங்களே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. எதிரே மலை, கீழே சேலம், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் நகரம். ஏற்காட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் துணிக்கடைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் சேலத்துக்குத்தான் வருகிறார்கள், அவர்களுடைய எம்.பி. மட்டும் வேறு ஊர் எம்.பி.யாக இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நடந்தது இதுதான். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுசீரமைப்பு ஆணையம் போட்ட எல்லைகள் 2008-ல் அமலுக்கு வந்து, 2009 தேர்தல் அவற்றின்படி நடந்தது. அதற்கு முன் சேலம் மக்களவைத் தொகுதிக்குள் இருந்தவை ஓமலூர், ஏற்காடு, சேலம் 1, சேலம் 2, வீரபாண்டி, பனைமரத்துப்பட்டி. அதற்குப் பின் இருப்பவை ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, சேலம் வடக்கு, சேலம் தெற்கு, வீரபாண்டி. பனைமரத்துப்பட்டி என்ற சட்டமன்றத் தொகுதியே போய்விட்டது. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்தன. எடப்பாடி உள்ளே வந்தது. பெயர் மட்டும் அப்படியே "சேலம்".

ஆக, 2004-ல் கே.வி. தங்கபாலுவைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்காரர்கள் உண்டு. 2009-ல் செம்மலையைத் தேர்ந்தெடுத்தவர்களில் இல்லை, அந்த ஆண்டு அவர்களுடைய எம்.பி. ஆதி சங்கர். 2014-ல் கே. காமராஜ், 2019-ல் கௌதம சிகாமணி, 2024-ல் மலையரசன். மலையில் ஒட்ட வேண்டிய தாளில் கடைசி வரிகளுக்கு இந்தப் பெயர்கள்தான் வந்திருக்க வேண்டும்.

மறக்காமல் இருக்க செல்வகணபதியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சேலத்தில் 1999-ல் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்தார், 2024-ல் தி.மு.க. சார்பில் ஜெயித்தார். எல்லோரும் கட்சி மாறியதைக் குறித்துக்கொள்கிறார்கள், தொகுதி மாறியதைக் குறிப்பதில்லை. அவரை முதல் முறை தேர்ந்தெடுத்த சேலத்தில் ஏற்காடு இருந்தது, எடப்பாடி இல்லை. இரண்டாவது முறை நேர் எதிர்.

எடப்பாடி பழனிசாமியை "முன்னாள் சேலம் எம்.பி." என்று எழுதுகிறவர்களும் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். அவர் 1998-ல் மக்களவைக்குப் போனது திருச்செங்கோட்டிலிருந்து. அன்றைக்கு எடப்பாடி திருச்செங்கோடு மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. 2009-ல் திருச்செங்கோடும் ராசிபுரமும் மக்களவைத் தொகுதிகளாக இல்லாமல் போய், நாமக்கல் என்ற பெயர் திரும்ப வந்தது. நாமக்கல்லின் பழைய பட்டியலைத் தேடும் பிள்ளைகள் நடுவில் பல தேர்தல்களுக்கு எம்.பி. பெயர் கிடைக்காமல் "விவரம் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். விவரம் இருக்கிறது, வேறு பெயரில் இருக்கிறது.

இன்னொன்று, மாவட்டமும் மக்களவைத் தொகுதியும் ஒன்றல்ல. இன்று சேலம் மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகளில் 6 சேலத்திலும், 3 கள்ளக்குறிச்சியிலும், சங்ககிரி நாமக்கல்லிலும், மேட்டூர் தர்மபுரியிலும் இருக்கின்றன. ஒரு மாவட்டத்துக்கு நான்கு எம்.பி.க்கள். மேட்டூர் அணைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் தன் எம்.பி. சேலத்துக்காரர் என்று நினைத்து மனு எழுதினால் அது தவறான மேசைக்குப் போகிறது. பட்டியலில் ஒரு வரிதானே என்று விட முடியாததற்குக் காரணம் இதுதான். ஊர்க்காரர் யாரிடம் போய்க் கேட்பது என்று அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

இதே தவறு வாக்கு சதவீதத்தில் வரும்போது இன்னும் மோசம். "2004-ஐவிட 2009-ல் சேலத்தில் இந்தக் கட்சிக்கு இத்தனை சதவீதம் கூடியது" என்று வரைபடம் போட்டு விளக்கம் எழுதுகிறார்கள். கூடியது கட்சியின் செல்வாக்கா, உள்ளே வந்த எடப்பாடியின் வாக்கா? மலை வெளியே போனதால் வந்த வித்தியாசமா? அந்த வரைபடத்தில் தெரியாது. இதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்று காட்டும் முடிவுத் தாளான படிவம் 20-ஐ எடுத்து, வாக்குச்சாவடி வாரியாக எந்தப் பகுதி எங்கே போனது என்று மறுசீரமைப்பு ஆணையில் உள்ள வருவாய்க் கிராமப் பெயர்களோடு ஒத்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். பெயர் மாறாத ஓமலூருக்கும் வீரபாண்டிக்கும்கூட இதைச் செய்ய வேண்டும், அவற்றின் எல்லையிலும் கை வைத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் பிடிக்கிற வேலை. செய்ய நேரமில்லை என்றால் 2004-க்கும் 2009-க்கும் நடுவில் ஒரு தடித்த கோடு போட்டு, மேலும் கீழும் ஒப்பிடாமல் விடுங்கள். அப்படியே 1977-க்கு முன்னாலும் ஒரு கோடு, அப்போதும் எல்லைகள் மாறின.

எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அந்த வரைபடம் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இன்றும் எரிச்சல் அடங்கவில்லை.

சுயேச்சை என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்

1957 தேர்தலின் அதிகாரபூர்வ அறிக்கையைத் திறந்தால் தி.மு.க. என்ற பெயரையே காண முடியாது. கட்சிக்கு அப்போது அங்கீகாரம் இல்லை, உதயசூரியன் பொதுச் சின்னமாகக் கிடைத்தது 1958-ல். அதனால் நாமக்கல்லில் ஜெயித்த ஈ.வெ.கி. சம்பத்தும், திருவண்ணாமலையில் ஜெயித்த இரா. தர்மலிங்கமும் சுயேச்சைகளின் கணக்கில் இருக்கிறார்கள். தி.மு.க. முதல்முதலாக மக்களவைக்குள் நுழைந்த தேர்தலில் அதற்குப் பூஜ்யம் என்று எழுதினால் வரலாறே தலைகீழாகிவிடும்.

சேலத்திலும் ஒன்று உண்டு. 1998-ல் இங்கே ஜெயித்த வாழப்பாடி ராமமூர்த்தி பல பட்டியல்களில் சுயேச்சை. உண்மையில் அவர் தமிழக ராஜீவ் காங்கிரஸ் தலைவர், அந்த இடத்திலிருந்துதான் வாஜ்பாய் அமைச்சரவையில் பெட்ரோலிய அமைச்சரானார். பெயரில் வாழப்பாடி இருப்பதால் அவர் எப்போதும் சேலத்து எம்.பி. என்றும் நினைக்க வேண்டாம். முதலில் தர்மபுரி, பிறகு கிருஷ்ணகிரி, கடைசியாகத்தான் சேலம். இன்றைக்கு வாழப்பாடி ஊரே ஏற்காடு சட்டமன்றத் தொகுதி வழியாகக் கள்ளக்குறிச்சியில் இருக்கிறது.

சின்னம் வேறு, கட்சி வேறு

2019-ல் தி.மு.க.வுக்கு 24 எம்.பி.க்கள் என்பது பதிவு. அதில் நான்கு பேர் கூட்டணிக் கட்சிக்காரர்கள், உதயசூரியனில் நின்றவர்கள். நாமக்கல்லில் ஜெயித்த சின்ராஜ் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, ஈரோட்டில் கணேசமூர்த்தி ம.தி.மு.க., பெரம்பலூரில் பாரிவேந்தர் இந்திய ஜனநாயகக் கட்சி, விழுப்புரத்தில் ரவிக்குமார் விடுதலைச் சிறுத்தைகள். ஆனால் அதே விடுதலைச் சிறுத்தைகளின் திருமாவளவன் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்றதால் தன் கட்சிக் கணக்கிலேயே வருகிறார். எனவே அட்டவணையில் இரண்டு நெடுவரிசை போடுங்கள், ஒன்று பதிவான கட்சி, இன்னொன்று சார்ந்த கட்சி. எதையும் அழித்து எதையும் எழுத வேண்டாம்.

நாற்பது அல்ல, முப்பத்தொன்பது

"நாற்பதும் நமதே" என்ற தேர்தல் முழக்கத்தில் புதுச்சேரியும் சேர்த்தி, தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் 39.

எல்லாக் காங்கிரசையும் ஒரே குடத்தில் ஊற்றாதீர்கள்

காங்கிரஸ் இரண்டாகப் பிளந்திருந்த 1971-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. 23, இந்திரா காங்கிரஸ் 9, இந்திய கம்யூனிஸ்ட் 4, பார்வர்ட் பிளாக், முஸ்லிம் லீக், ஸ்தாபன காங்கிரஸ் தலா 1. அந்த ஸ்தாபன காங்கிரஸ் ஒன்று யார் தெரியுமா? நாகர்கோவிலில் காமராஜர். "காங்கிரஸ் 10" என்று கூட்டிவிட்டால், இந்திராவை எதிர்த்து நின்ற காமராஜரை இந்திரா அணியில் உட்கார வைத்தவர்கள் ஆகிறீர்கள்.

அதேபோல 1996-ல் சேலத்தில் ஜெயித்த ஆர். தேவதாஸ் தமிழ் மாநில காங்கிரஸ். அந்தக் கட்சி 2002-ல் காங்கிரசோடு இணைந்தது. அதற்காக 1996 வரியைத் திருத்தக் கூடாது, ஜெயித்த நாளில் என்ன கட்சியோ அதுதான் அந்த வரிக்கு உரியது.

நூறு சதவீதத்தைத் தாண்டும் வாக்குப்பதிவு

1952-லும் 1957-லும் சில தொகுதிகளில் இரண்டு உறுப்பினர்கள். 1957-ல் சென்னை மாநிலத்தில் 34 தொகுதிகள், 41 உறுப்பினர்கள், ஏழு தொகுதிகள் இரட்டை. அங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. அந்த ஓட்டுகளைக் கூட்டி வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். ஒரு பெண் இதை வைத்து "கள்ள ஓட்டு" என்று ஒரு கட்டுரையே எழுதிக்கொண்டு வந்தாள், நல்லவேளை அனுப்பும் முன் காட்டினாள். இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழித்த 1961 சட்டத்துக்குப் பிறகு இந்த முறை இல்லை.

1952-ஐ எடுக்கும்போது இன்னும் கவனம். அன்றைய சென்னை மாநிலத்தின் 75 உறுப்பினர்களில் ஆந்திரப் பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் உண்டு. கன்னியாகுமரி இல்லை, அது 1956 நவம்பர் 1-ல்தான் வந்தது. 75 என்ற எண்ணையும் 1967 முதல் உள்ள 39 என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்து "தமிழ்நாடு 36 இடங்களை இழந்தது" என்று யாரும் எழுத வேண்டாம். நிஜமாக இழந்தது 1962-ன் 41-லிருந்து இரண்டு.

ராஜாஜி

சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். சேலம் எம்.பி.யாக இருந்ததில்லை.

ஒரு குடும்பம், ஐந்து தொகுதிகள்

ப. சுப்பராயன் திருச்செங்கோடு எம்.பி. மகள் பார்வதி கிருஷ்ணன் கோவை. மகன் மோகன் குமாரமங்கலம் 1971-ல் புதுச்சேரி, அவரைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பேரன் ரங்கராஜன் குமாரமங்கலம் 1984, 1989, 1991 மூன்று முறை காங்கிரசில் சேலம், 1998-லும் 1999-லும் பா.ஜ.க.வில் திருச்சி. குமாரமங்கலம் என்று மட்டும் எழுதாமல் முழுப் பெயரையும் எழுதுங்கள்.

இடைத்தேர்தல்

ரங்கராஜன் 2000-ல் அமைச்சராக இருக்கும்போதே இறந்தார். 2001 இடைத்தேர்தலில் திருச்சியில் ஜெயித்தவர் தலித் எழில்மலை. பொதுத்தேர்தல் முடிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு தொகுத்தால் அவர் காணாமல் போகிறார். 1967-ல் தென் சென்னையில் அண்ணா ஜெயித்து, முதலமைச்சரான பிறகு விலகி, இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்ததும் அப்படித்தான். அ.தி.மு.க.வின் முதல் வெற்றியே 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல், மாயத்தேவர். 2019-ல் வேலூருக்கு மட்டும் ஆகஸ்ட் 5-ல் தேர்தல் நடந்தது, அது இடைத்தேர்தல் அல்ல, முதலில் ரத்தாகிப் பிறகு நடந்த பொதுத்தேர்தல். மே மாத எண்ணிக்கையோடு கோப்பை மூடியவர்களிடம் 38 பேர்தான் இருப்பார்கள்.

வந்த மாணவர்களிடம் தலைப்பிலிருந்து ஏற்காட்டை எடுத்துவிட்டு, மலைக்குத் தனியாக ஒரு தாள் போடச் சொன்னேன். 2004 வரை சேலம், 2009 முதல் கள்ளக்குறிச்சி, நடுவில் தடித்த கோடு. அடுத்த மறுசீரமைப்பும் தூரத்தில் இல்லை. மக்களவை இடங்களின் எண்ணிக்கையை நிறுத்தி வைத்திருக்கும் தடை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரைக்கும்தான். கோடுகள் மறுபடி மாறும் முன், உங்கள் ஊர் வாக்குச்சாவடிகளின் படிவம் 20-ஐ இப்போதே இறக்கி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.