எந்த ஆண்டு அது?

டெல்டாவில் ஆய்வு செய்யும் இரண்டு மாணவர்கள் போன வாரம் அட்டவணை கொண்டுவந்தார்கள். ஒருவர் நீரியல், இன்னொருவர் பொருளியல். ‘ஆண்டு’ என்று தலைப்பிட்ட முதல் நெடுவரிசையைப் பார்த்ததுமே எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. எழுத்துப்பிழை, மேற்கோள் இதையெல்லாம் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். நான் சொல்ல வந்தது வேறு: டெல்டாவில் தரவு சேர்ப்பவர்கள் செய்யும் நான்கு தவறுகள்.

மூன்று ஆண்டுகளை ஒன்றாக்குவது

மழைக்கணக்கு ஜனவரியில் தொடங்கும். மேட்டூர் நீர்க்கணக்கு ஜூனில். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், அதாவது பயிர்ப் பதிவேடு, பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டுப்படி, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மூன்றிலும் தலைப்பு ‘ஆண்டு’தான். அவரவர் துறையில் எல்லாம் சரி. சேர்த்து ஒட்டும்போதுதான் ஒழுகும்.

பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆண்டு வரும். என் ஆய்வில் நான் 591ஐக் கூட்டினேன். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று அடித்தது. அது பசலி 1428. நான் அதை 2019க்கு நேராக வைத்தேன். வேதாரண்யம் பக்கத் தென்னைகள் என் வரைபடத்தில் 2018 முழுக்க நிமிர்ந்து நின்றன, அடுத்த ஆண்டு பொத்தென்று விழுந்தன.

தப்பு என்று அப்போதே தெரிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் குழுவில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. மண்ணியல்காரர் வேரில் உப்பு ஏறியது என்றார். சமூகவியல்காரர் கடன் என்றார். நான் ‘தாமத விளைவு’ என்று ஒரு அத்தியாயமே எழுதினேன்! கடைசியில் டீக்கடையில் ஒரு பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஐப்பசிக் கடைசியில ஒரே ராத்திரியில விழுந்துச்சு. ஒரு வருசம் யோசிச்சா விழும்?” என்றார். ஒரு பருவம் முழுக்க வேலை திரும்பச் செய்தேன்.

இப்போது நான் ஆண்டு என்றே எழுதுவதில்லை. மாதம் போடுகிறேன், அல்லது குறுவை, சம்பா, தாளடி என்று போகத்தைப் போடுகிறேன். சம்பா பொங்கலைத் தாண்டி நிற்கும் பயிர். ஜனவரியில் ஆண்டை வெட்டினால் பயிரையும் சேர்த்து வெட்டுகிறோம்.

மாவட்டப் பெயரை நம்புவது

பழைய தஞ்சாவூர் மாவட்டம் 1991, 1997, 2020 என்று பிரிந்துகொண்டே வந்தது, எல்லையும் மாறிக்கொண்டே வந்தது. வட்டத்தை (தாலுகாவை) வைத்துக் கணக்கிடுங்கள்.

ஜூன் 12

அது மேட்டூரில் மதகு திறக்கும் வழக்கமான நாள். தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். கடைமடையில் எப்போது வந்தது என்று அங்கே போய்க் கேளுங்கள்.

பட்டாதாரரிடம் மட்டும் பேசுவது

வாய்மொழிக் குத்தகை பதிவேட்டில் ஏறாது. பட்டாவில் பெயர் உள்ளவர் சென்னையில் இருக்கலாம். வாய்க்கால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, “நேத்தைவிட உப்பு கூட” என்று சொல்பவர் குத்தகைக்காரர்.