ஞாயிறு காலை மூன்று மணி நேரம்: தெருவை வண்டிகளிடமிருந்து திரும்ப வாங்குவது எப்படி

சென்னையின் சவுகார்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை குறுந்தெருக்களில் பல, காரை நினைத்துப் போட்டவை அல்ல. நடை, தலைச்சுமை, மாட்டு வண்டி, கை ரிக்‌ஷா, இவ்வளவுதான் அவற்றின் கணக்கு. 1895 முதல் 1953 வரை சென்னையில் டிராம் ஓடிய காலத்திலும் உள்தெருக்கள் நடப்பவர்களிடமே இருந்தன. நாளைய நகரமும் அந்தப் பக்கம்தான் திரும்பியாக வேண்டும். கொலம்பியாவின் போகோட்டாவில் 1974 முதல் ஞாயிறு காலைகளில் பெருஞ்சாலைகளையே நடைக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிடுகிறார்கள். இன்று அது நூறு கிலோமீட்டருக்கு மேல். திருவொற்றியூரில் மாசித் தேர் வரும்போது நாமும் வண்டிகளைத் திருப்பித்தான் விடுகிறோம். அதையே ஒரு தெருவில், காலை 6 முதல் 9 வரை செய்வதற்கான வழி இது.

முதலில் தெருவைத் தேர்ந்தெடுங்கள். நீளம் 200 முதல் 300 மீட்டர், அகலம் 6 முதல் 9 மீட்டர் இருந்தால் போதும். பஸ் ரூட், ஆஸ்பத்திரி, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வழி இருக்கும் தெருக்கள் வேண்டாம். பக்கத்திலேயே இணையாக இன்னொரு தெரு ஓடுவது அவசியம். ஜார்ஜ் டவுனில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஒரு ஞாயிறு காலை தெருமுனையில் உட்கார்ந்து கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டிகளை எண்ணுங்கள். தெருக்காரர் வண்டி எத்தனை, குறுக்கு வழியாகப் புகுந்து போவது எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், போலீஸிடம் பேச அந்தத் தாள் ஒன்றே போதும்.

அனுமதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். போக்குவரத்துப் போலீஸுக்கு ஒன்று, மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒன்று (ராயபுரம் 5ஆவது மண்டலம், தண்டையார்பேட்டை 4ஆவது), கவுன்சிலருக்கு ஒரு நகல். கையால் வரைந்த வரைபடத்தையும் மாற்று வழியையும் சேர்த்து வையுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தைவிட முக்கியம் வாய்ப்பேச்சு. டீக்கடை, பால் பூத், ஆட்டோ ஸ்டாண்டு என்ற வரிசையில் போங்கள். ஸ்டாண்டை மூட வேண்டாம், தெருமுனைக்கு நகர்த்துங்கள். நடந்து வெளியே வருகிற சவாரி அங்கேதான் கிடைக்கும். சர்ச் பூசை நேரம், கல்யாண மண்டபத்தின் முகூர்த்த நாள், மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரம் மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். லாரி ஏழு மணிக்கு வருமென்றால் அது வரட்டும், தண்ணீரை நிறுத்தினால் அடுத்த வாரம் யாரும் கூட நிற்க மாட்டார்கள். தெருவில் சாவு விழுந்துவிட்டால் அன்றைக்கு வேண்டாம்.

இந்த வேலை கெடுவது பெரும்பாலும் முந்தின இரவில்தான். ராத்திரி நிறுத்திய கார் காலை ஏழரைக்குக் கிளம்பும், அதற்காகத் தடுப்பைத் திறந்தால் பின்னாலேயே நாலு பைக் நுழையும். வெள்ளிக்கிழமையே வீடு வீடாகச் சொல்லி, மாற்று இடத்தையும் காட்டிவிடுங்கள்.

தடுப்புக்குக் கயிறு கட்டவே கூடாது. விடியற்காலை மங்கலில் பைக் ஓட்டுகிறவர் கண்ணுக்குக் கயிறு தெரியாது, கழுத்தை அறுத்துவிடும். கல், சிமென்ட் கட்டையும் வேண்டாம். ஆம்புலன்ஸ் வந்தால் நகர்த்த முடியாது. சக்கரம் வைத்த இரும்புத் தடுப்புகளை முனைக்கு இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒன்றரை மீட்டர் தள்ளி, திறப்புகள் நேருக்கு நேர் வராதபடி வையுங்கள். திறப்பு 1.2 மீட்டர் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். பைக்கும் போகும் என்பதால் இரும்பை மட்டும் நம்ப முடியாது, முனைக்கு இரண்டு பேர் நிற்க வேண்டும். பக்கச் சந்துகளை மறந்துவிடுவது வழக்கமான தவறு: சந்துக்கு ஒருவர். மிதிக்கிற மீன்பாடி வண்டியை (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) விடலாம், மோட்டார் பொருத்தியதை விட வேண்டாம். டெலிவரி பையன்கள் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்து வரட்டும்.

உள்ளே, நடுவில் மூன்றரை மீட்டர் எப்போதும் காலி. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் உள்ள பாதை அது. மற்றதெல்லாம் இரு ஓரங்களில். ஒரு கார் நிற்கும் இடம் ஏறக்குறைய இரண்டரைக்கு ஐந்து மீட்டர். அதே இடத்தில் இரண்டு கேரம் போர்டு போடலாம், எட்டுப் பேர் ஆடலாம். இதை ஒருமுறை சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள், வாக்குவாதம் பாதி குறையும். தெற்கு வடக்காக ஓடும் தெருவென்றால் காலை நிழல் கிழக்கு வரிசை வீடுகளின் காலடியில் விழும். பெரியவர்களுக்கான நாற்காலிகளை அங்கே போடுங்கள். சாக்கடை மூடி உடைந்திருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள், ஓடுகிற பிள்ளை தரையைப் பார்த்து ஓடாது. மேடை, மைக், ஸ்பீக்கர் வேண்டாம். அவை வந்தால் அது நிகழ்ச்சியாகிவிடும். பேச்சாளர் போனதும் தெரு மறுபடி வண்டிக்கே போய்விடும்.

முடிந்த அன்றே கடைக்காரர்களிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டு எழுதி வையுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு என்று நிலையாக வைத்தால் ஆட்டோக்காரருக்கும் லாரிக்காரருக்கும் பழகிவிடும். ஆறு மாதம் ஓடினால், வண்டி நுழையாமல் தடுக்க நிரந்தரமாகக் குத்துக்கம்பங்கள் கேட்டு மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அதோடு, 1.8 மீட்டருக்குக் குறையாத நடைபாதையும் கேளுங்கள். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸின் விதி அதுதான். நடுக்கம்பங்கள் பூட்டோடு கழற்றும்படி இருக்கட்டும். சாவி ஒன்று போலீஸ் ஸ்டேஷனில், இன்னொன்று ராத்திரியிலும் ஆள் இருக்கும் கடையில்.